கெந்திங் மலையில் மலிவான அறை: வாடகையைத் தாண்டி ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். "கெந்திங்ல ரூம் நூறு வெள்ளிக்குள்ள கிடைக்குது. பிள்ளைங்கள கூட்டிட்டுப் போவோமா?" சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் எடுப்பார்கள். காலையில் பத்துமலையில் முருகனைக் கும்பிட்டு, அப்படியே காராக் நெடுஞ்சாலை வழியாக மலை ஏறிவிடலாம் என்பது திட்டம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு விமானம் ஏறாமல் குளிரைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால், திரும்பி வந்து கணக்குப் பார்க்கும்போது பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரூம் மலிவுதானே, அப்புறம் இவ்வளவு காசு எங்கே போனது?"

அறை ஏன் மலிவாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

மலைமேல் ஒரு நகரம் எழுந்த கதை

கெந்திங் மலையை உருவாக்கியவர் லிம் கோ தோங். கட்டுமானக் குத்தகையாளரான அவர், 1960-களின் தொடக்கத்தில் கேமரன் மலையில் மின்திட்டப் பணியில் இருந்தபோது, தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு குளிர்வாசத் தலம் இருந்தால் என்ன என்று யோசித்தார். 1965-இல் காட்டை வெட்டி மலைப்பாதை போடும் வேலை தொடங்கியது. 1969 மார்ச் 31-ஆம் நாள் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில் சூதாட்ட உரிமமும் கிடைத்தது. 1971-இல் விடுதி திறக்கப்பட்டது. இன்றுவரை மலேசியாவில் சட்டப்படி இயங்கும் ஒரே கேசினோ அந்த மலையில்தான் இருக்கிறது.

இன்று நம் குடும்பங்கள் பெரும்பாலும் தங்குவது ஃபர்ஸ்ட் வோர்ல்டு ஹோட்டலில். வண்ண வண்ணமாகச் சாயம் பூசிய அந்த உயரமான கட்டடங்களைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. 2006-இல் 6,118 அறைகளுடன் உலகின் மிகப் பெரிய ஹோட்டல் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்தது. இடையில் லாஸ் வேகாஸ் ஹோட்டல் வளாகம் ஒன்று முந்தியது. புதிய கட்டடம் சேர்ந்தபின் 2015-இல் 7,351 அறைகளுடன் அந்தப் பட்டம் கெந்திங்குக்கே திரும்பியது.

ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் நிறைந்த இரவில் 14,000 பேருக்கு மேல். ஒரு சிறு பட்டணமே ஒரே கூரையின்கீழ் தூங்குகிறது.

அறை ஏன் மலிவு?

சாதாரண ஹோட்டலுக்கு அறை வாடகைதான் வருமானம். கேசினோவோடு சேர்ந்த ஹோட்டலின் கணக்கு வேறு. அங்கே அறை என்பது ஆளை வரவழைத்து, இரவு தங்கவைக்கும் ஏற்பாடு. மாலையில் மலை இறங்கிவிடுபவர் நான்கு மணி நேரம்தான் செலவழிப்பார். இரவு தங்குபவர் இரண்டு வேளை சாப்பிடுவார், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சீட்டு வாங்குவார், கடைத்தெருவில் நடப்பார். அவர்களில் சிலர் கேசினோவுக்குள் நுழைவார்கள். அறையில் விட்ட இலாபத்தை அங்கே எடுத்துவிடலாம்.

இந்த வழி லாஸ் வேகாஸில் வளர்ந்தது. சர்க்கஸ் கூடாரம் போன்ற கேசினோ, கோட்டைக் கோபுரங்களோடு கூடிய ஹோட்டல் என்று வேடிக்கையான தோற்றத்தில் கட்டி, குறைந்த வாடகையில் குடும்பங்களை அங்கே இழுத்தார்கள். கோட்டை வடிவிலான எக்ஸ்காலிபர் ஹோட்டல் 1990-இல் திறக்கப்பட்டபோது அதில் 4,000-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. கெந்திங்கிலும் அதே பாணிதான். ஹோட்டலுக்குக் கீழே உள்ள கடைவளாகத்தில் ஒரு காலத்தில் நியூயார்க் தெருவின் சாயல், வெனிஸ் கால்வாயின் சாயல் எல்லாம் இருந்தன. 2018 கடைசியில் அங்கே ஸ்கைட்ரோபோலிஸ் உள்ளரங்கப் பூங்கா வந்தது. 2022 பிப்ரவரியில் ஸ்கைவோர்ல்ட்ஸ் திறந்தவெளிப் பூங்கா திறக்கப்பட்டது.

இதில் மோசடி எதுவும் இல்லை; வெளிப்படையான வியாபாரம். அறையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அளந்து செலவழிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு இது உண்மையிலேயே நல்ல பேரம். அளக்காமல் போகும் குடும்பத்துக்குத்தான் சிக்கல்.

எந்த நாளில் போவது?

அறை வாடகை நிலையானதன்று. அதே அறை வார நாளில் ஒரு விலை, சனிக்கிழமை வேறு விலை. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதி நாள்களில் பல மடங்கு ஏறும். வாட்ஸ்அப்பில் வரும் "நூறு வெள்ளி" பெரும்பாலும் கூட்டமில்லாத வார நாளின் விலை. ஞாயிறு இரவு தங்கித் திங்களன்று இறங்குவது, சனி இரவு தங்குவதைவிட மலிவாக இருக்கும். இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வார நடுவில் போவது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2017 செப்டம்பர் முதல், மலேசியக் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லாதவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இது மலேசியா முழுவதற்கும் பொதுவான வரி.

மலைப்பாதையும் கேபிள் காரும்

சொந்த வண்டியில் போகிறவர்கள் ஏறுவதைவிட இறங்குவதில் கவனமாக இருக்க வேண்டும். பாதை செங்குத்தானது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, பிடிக்காமல் போய்விடும். கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி மெதுவாக இறங்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 21-ஆம் நாள் இந்த மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வாடகை வேன் எடுப்பவர்கள், ஓட்டுநர் மலைப்பாதையில் பழகியவரா, வண்டிக்கு உரிமமும் காப்புறுதியும் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. எட்டுப் பேர் வேனில் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு ஏறவே கூடாது.

பேருந்தில் போகிறவர்கள் அவானாவில் இறங்கி, 2016 கடைசியில் தொடங்கிய அவானா ஸ்கைவே கேபிள் காரில் ஏறலாம். சுமார் பத்து நிமிடப் பயணம். வழியில் சின் ஸ்வீ குகைக் கோயிலில் ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். பூங்காச் சீட்டு வாங்காத குடும்பத்துக்கு, மேகத்துக்கு நடுவே நிற்கும் அந்தக் கோயிலே அரை நாள் பொழுது. ஆனால், காற்றும் இடியும் பலமாக இருக்கும்போது கேபிள் கார் நிற்கும். திரும்பும் பேருந்துக்கு நேரம் நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அறைக்குள் என்ன எதிர்பார்க்கலாம்?

மலிவு ஹோட்டலுக்கு உரிய அறைதான். சிறியது, கட்டில், தொலைக்காட்சி, குளியலறை என்று தேவையானவை இருக்கும். சாதாரண அறைகளில் குளிர்சாதன வசதி இல்லை என்று தெரிந்து சிலர் திகைப்பார்கள். இரவில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் ஜன்னலைச் சற்றுத் திறந்தாலே போதும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கம்பளிச் சட்டை, காலுறை அவசியம். மூட்டுவலி உள்ள பாட்டிக்குப் போர்வை ஒன்று கூடுதலாக எடுத்துப்போனால் நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான அறைகள் இருப்பதால் பிற்பகலில் அறைச்சாவி வாங்கும் நேரத்தில் கூட்டம் நெருக்கும். நாமே திரையைத் தொட்டுப் பதிந்துகொள்ளும் இயந்திரங்கள் உண்டு. அடையாள அட்டையும் முன்பதிவு எண்ணும் கையில் இருந்தால் வரிசையைத் தவிர்க்கலாம். இளைய பிள்ளை ஒருவரை இந்த வேலைக்கு விட்டுவிட்டு மற்றவர்கள் ஓரமாக உட்காரலாம். அறை எந்தக் கட்டடம், எந்த மாடி என்று தாத்தா பாட்டிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரே மாதிரி நீண்ட நடைபாதைகளில் வழி தவறுவது எளிது.

ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதற்கு வரம்பு உண்டு. ஆறு பேரை ஒளித்து ஏற்றிவிடலாம் என்று நினைப்பது சங்கடத்தில் முடியும். மூன்று பேர் அறையா, இரண்டு பேர் அறையா என்று பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுச் செலவு பலரும் மறக்கும் ஒன்று. மேலே எல்லாமே பட்டணத்து விலையைவிடக் கூடுதல். காலைப் பசியாறுதலுக்கு ரொட்டி, பிஸ்கட், மைலோ பொட்டலம், மேகி மீ கப் எடுத்துப்போகலாம். அறையில் ரைஸ் குக்கர் வைத்துச் சமைக்க நினைக்க வேண்டாம். புகை உணர்கருவி அலறும். சொந்த வண்டி இருந்தால், மலை ஏறும் வழியிலுள்ள கோத்தோங் ஜெயாவில் சாப்பிட்டுவிட்டு ஏறுவது சிக்கனம்.

கதவுக்குப் பக்கத்தில் கேசினோ

அறையிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கும், கடைவளாகத்திலிருந்து கேபிள் கார் நிலையத்துக்கும் நடக்கும் வழியிலேயே கேசினோ வாசல் தென்படும். 21 வயது நிரம்பாதவர்களும் முஸ்லிம்களும் உள்ளே போக முடியாது. ஒரு காலத்தில் ஆண்கள் டை கட்டியோ, நீளக்கை பாத்தேக் சட்டை போட்டோதான் நுழைய முடியும். இப்போது அந்தக் கெடுபிடி இல்லை. "சும்மா பார்த்துட்டு வரேன்" என்று இரவு பத்து மணிக்கு அறையை விட்டு இறங்கும் அண்ணன், விடியற்காலையில் திரும்பும் கதை நம்மிடையே புதிதன்று.

உள்ளே நடப்பது வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. அது கணக்கு. ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் ஒரு ரிங்கிட் வைத்து வென்றால், வைத்ததோடு சேர்த்து 36 ரிங்கிட் கிடைக்கும். இப்போது ஒருவர் 37 எண்களிலும் ஆளுக்கொரு ரிங்கிட் வைக்கிறார் என்று வையுங்கள். ஏதாவது ஓர் எண் கட்டாயம் விழும். அவர் கையில் வருவது 36. வைத்தது 37. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரிங்கிட் போய்க்கொண்டே இருக்கும். அதாவது நூற்றுக்கு 2.70. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் என்றால் 38 எண்கள். இழப்பு நூற்றுக்கு 5.26.

எந்த எண்ணில் வைத்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டு வைத்தாலும் இந்த விகிதம் மாறாது. ஐந்து முறை தொடர்ந்து சிவப்பு விழுந்தால் அடுத்தது கறுப்பு என்று பலர் நம்புகிறார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. முந்தின சுற்றில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. பாக்கராட் சீட்டாட்டத்தில் நிறுவனத்தின் அனுகூலம் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே அதிகம்தான். ஆனால் அதே மேசையில் "சமம்" என்று பந்தயம் வைத்தால் அது நூற்றுக்கு 14-ஐத் தாண்டும். எட்டு மடங்கு கிடைக்கும் என்ற ஆசையில் புதியவர்கள் அதிகம் கை வைப்பது அங்கேதான்.

ஒரு மணி நேரமும் ஒரு நாள் கூலியும்

நாலு நம்பர் எடுப்பவருக்கு வழக்கமாக வாரத்தில் மூன்று நாள்தான் குலுக்கல். ஜேக்பாட் இயந்திரத்தில் சில வினாடிக்கு ஒரு குலுக்கல். வேறுபாடு இந்த வேகத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குக்காக, ஓர் இயந்திரம் போட்ட பணத்தில் நூற்றுக்கு 90-ஐத் திருப்பித் தருகிறது என்று வைப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தட்டுக்கு ஒரு ரிங்கிட், மணிக்கு 500 தட்டு. அதாவது 500 ரிங்கிட் சுழல்கிறது. அதில் பத்தில் ஒன்று, சராசரியாக 50 ரிங்கிட், ஒரு மணி நேரத்தில் போய்விடும். நடுநடுவே மணி அடிக்கும், விளக்கு எரியும், இருபது முப்பது வெள்ளி திரும்ப வரும். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அதனால்தான் வருகிறது.

2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். வெயிலில் குலை அறுத்து, சுமந்து, சம்பாதித்த ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்தில், குளிர்ந்த அரங்கில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கரைந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த "மலிவு" அறையின் வாடகையும் போய்ச் சேர்ந்துவிடும்.

விட்டதைப் பிடிக்க நினைக்கும்போதுதான் நிலைமை மோசமாகிறது. பள்ளிப் புத்தகத்துக்கு வைத்த பணம், வேனுக்குக் கொடுக்க வேண்டிய பணம் என்று கை நீளும். ஊர் திரும்பியதும் யாரிடமாவது கைமாற்று. அதை அடைக்க ஆலோங்கிடம் கடன். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆலோங் அதை ஒரு மாதத்திலேயே கேட்பான். இரண்டு நாள் உல்லாசப் பயணம் இரண்டு ஆண்டுக் கடனாக முடிவது இப்படித்தான்.

பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்

பெரியவர்கள் உள்ளே போய், பிள்ளைகள் ஹோட்டல் கூடத்திலோ அறையிலோ தனியாகக் காத்திருப்பது ஆபத்து. மேற்பார்வைக்கு வழி செய்யாமல் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வது 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி குற்றமும்கூட. "தூங்கிவிட்டான், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்பது பதிலாகாது. விழித்துப் பார்க்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, 7,351 கதவுகள் உள்ள கட்டடத்தில் அம்மா எங்கே என்று எப்படித் தெரியும்?

சிங்கப்பூர் எப்படிச் செய்கிறது?

சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு கேசினோக்கள் திறந்தபோதே, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதி வந்தது. 2019 ஏப்ரல் முதல் அது 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, ஓர் ஆண்டுக்கு 3,000 வெள்ளி. வாசலிலேயே ஒரு நிமிடம் யோசிக்க வைப்பதுதான் இதன் நோக்கம். குடும்பத்தில் ஒருவரின் சூதாட்டம் வீட்டைப் பாதித்தால், அவரை உள்ளே விடக்கூடாது என்று குடும்பத்தாரே அங்குள்ள தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம்.

நம் மலையில் அப்படி நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்தத் தடுப்பைக் குடும்பம்தான் போட வேண்டும்.

புறப்படும் முன் வீட்டில் பேச வேண்டியவை

முதலில், முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதுங்கள். அறை, பெட்ரோல் அல்லது வேன், டோல், கேபிள் கார், பூங்காச் சீட்டு, ஐந்து வேளைச் சாப்பாடு, பிள்ளைகளின் கைச்செலவு. வாடகை அந்தத் தாளில் சிறிய வரியாகிவிடுவதைப் பார்க்கலாம். பூங்காச் சீட்டுதான் பல குடும்பங்களுக்குப் பெரிய வரி. எல்லாரும் ஏறப்போவதில்லை என்றால் எல்லாருக்கும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பணப்பை ஒருவரிடம் இருக்கட்டும். அக்காவோ அம்மாவோ, கறாராக இருப்பவர் யாரோ அவரிடம். திரும்பும் செலவுக்கான பணத்தைத் தனி உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவது, கேசினோவைப் பார்க்க ஆசைப்படும் பெரியவர் இருந்தால் சண்டை வேண்டாம். சினிமாச் சீட்டுக்குக் கொடுப்பதைப்போல ஒரு தொகையைக் கையில் கொடுத்து, திரும்பி வராத பணம் என்றே எழுதிவிடுங்கள். வங்கி அட்டை அறையில் இருக்கட்டும். நேரம் குறித்து, கூட ஒருவர் போகட்டும். பொதுவாக அந்த அரங்குகளுக்குள் ஜன்னலும் சுவர்க் கடிகாரமும் இருக்காது. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே சூதாட்டப் பழக்கத்தால் பட்ட குடும்பம் என்றால், அந்த மலையைத் தவிர்த்துக் கேமரன் மலைக்குப் போகலாம். அங்கும் குளிர் உண்டு, தேயிலைத் தோட்டம் உண்டு, வாசலில் கேசினோ இல்லை. கடனும் கவலையும் அழுத்தி, பேச ஆள் இல்லாமல் தவிப்பவர்கள் 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் அழைக்கலாம்.

காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வரும். கைக்கு வந்த மைலோவில் ஆவி பறக்கும். பாட்டி போர்வைக்குள் இருந்துகொண்டே, "சிம்லா மாதிரி இருக்கு" என்பார், சிம்லாவைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாலும். அந்தக் காலைக்குத்தான் அறை வாடகை. அதைக் கொடுத்துவிட்டு, மிச்சக் காசோடு மலை இறங்கும் குடும்பம் அடுத்த ஆண்டும் வரலாம்.